கரும்பின் குலம் கண்ட அம்மையார்

கரும்பு தின்னக் கூலியா என்பது நம் நாட்டுப் பழமொழி. கூலி வேண்டாம், ஆனால் ஒரு கேள்வியாவது வேண்டாமா? காலையில் காபியில் கலக்கும் சர்க்கரை எந்தக் கரும்பிலிருந்து வந்தது, அந்தக் கரும்பின் தாய் யார், தந்தை யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அந்தக் கேள்வியைக் கேட்டு, விடை காண்பதற்காக வாழ்நாளின் பெரும்பகுதியை நுண்ணோக்கியின் முன் கழித்த பெண்மணி ஒருவர் இருந்தார். மலபாரில் பிறந்து, சென்னையில் கற்று, திருவனந்தபுரத்தில் கற்பித்து, கோயம்புத்தூரில் கரும்பை ஆராய்ந்து, உலகம் சுற்றி வந்து, சென்னையை அடுத்த மதுரவாயலில் மறைந்தவர் அவர். டாக்டர் ஈ. கே. ஜானகி அம்மாள் என்பது அவர் பெயர்.

அவருடைய வாழ்க்கையை இந்த மலரில் எழுத நான் விரும்பியதற்குக் காரணம் உண்டு. நான் உயிரியலில் முதுகலை பயிலும் மாணவி. உயிரினங்களின் பரிணாம மரத்தைக் கணக்கிட்டு வரைவது என் பாடத்தின் ஒரு பகுதி. எந்த உயிர் எதற்கு உடன்பிறப்பு, எது ஒன்றுவிட்ட உறவு என்று மரபணுக்களைக் கொண்டு காண்பதே இந்த வேலை. இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. மரபணுக்கள் எப்பொழுதும் தாயிடமிருந்து சேய்க்கு மட்டுமே செல்வதில்லை. சில வேளைகளில் ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனத்துக்கும் தாவிவிடுகின்றன. அப்பொழுது மரம் வரைவது எப்படி? இந்தக் கேள்வியைக் கணிப்பொறி வருவதற்கு முன்பே, வெறும் கண்ணாடித் தகட்டையும் சாயத்தையும் வைத்துக்கொண்டு எதிர்கொண்டவர்களுள் ஒருவர் ஜானகி அம்மையார்.

மற்றொரு காரணமும் உண்டு. பாறசாலைக்கும் நெய்யாற்றங்கரைக்கும் கிழக்கே, அகத்தியர் மலைத் தொடரின் அடிவாரத்தில் இருக்கும் அம்பூரி என் ஊர். என் பெற்றோர் தேனிப் பக்கத்திலிருந்து ரப்பர் வெட்டும் வேலைக்கு வந்து அங்கே தங்கியவர்கள். எங்கள் வீட்டுத் தமிழில் மலையாளச் சொற்கள் கலந்திருப்பதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. கலப்பு என்றாலே தாழ்வு என்ற எண்ணம் நம்மிடையே எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதை அந்தச் சிரிப்பில் கண்டேன். கலப்பை இழிவாகவும் பாராமல் புகழாகவும் பாராமல், எண்ணிக் கணக்கிட வேண்டிய உண்மையாகப் பார்த்தவர் அம்மையார். ஆகவே அவரைப் பற்றி எழுதுகிறேன்.

பிறப்பும் குடும்பமும்

1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் மாவட்டத்துத் தலைச்சேரியில் ஜானகி பிறந்தார். தந்தை திவான் பகதூர் ஈ. கே. கிருஷ்ணன், சார்பு நீதிபதி. நீதிமன்றத்தில் சட்டத்தைப் பார்த்த அவர், வீட்டுக்கு வந்ததும் தோட்டத்தைப் பார்ப்பார்; பறவைகளைப் பற்றிக் குறிப்புகள் எழுதுவார். செடிகொடிகளையும் புள்ளினங்களையும் நுணுகி நோக்கும் பழக்கம் மகளுக்கு வந்தது அந்தத் தோட்டத்திலிருந்துதான். தாயார் தேவி அம்மாள். திருவிதாங்கூரில் ஆங்கில அரசின் ரெசிடெண்டாக இருந்த ஜான் சைல்டு ஹானிங்டன் என்பவருக்கும், குஞ்ஞி குறும்பி என்னும் மலபார்ப் பெண்ணுக்கும் பிறந்தவர்.

தீயர் வகுப்பு அக்காலத்தில் தாழ்த்திப் பார்க்கப்பட்ட வகுப்பு. அதிலும் வெள்ளையர் தொடர்புடைய குடும்பம் என்றால் ஊரார் பார்வை வேறு. ஒரு புறம் பதவியும் கல்வியும் இருந்தன. மறு புறம் சாதியின் பெயரால் ஒதுக்கமும், கலப்பின் பெயரால் ஏளனமும் இருந்தன. இத்தகைய வீட்டில், உடன்பிறந்தோர் பலருக்கு நடுவே வளர்ந்தார் ஜானகி. அக்காமார் ஒவ்வொருவராகத் திருமணமாகிச் செல்ல, இவரோ படிப்பைத் தேர்ந்துகொண்டார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவே இல்லை.

சென்னையிலிருந்து மிச்சிகனுக்கு

தலைச்சேரியில் பள்ளிப் படிப்பை முடித்தபின் சென்னைக்கு வந்து இராணி மேரிக் கல்லூரியில் பயின்றார். பிறகு மாநிலக் கல்லூரியில் தாவர இயலில் ஆனர்ஸ் பட்டத்தை 1921-ல் பெற்றார். சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாகப் பணியாற்றினார். அப்பொழுதுதான் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகம், ஆசிய நாட்டுப் பெண்களுக்கென வழங்கிவந்த பார்பர் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது.

அந்நாளில் ஒரு பெண் தனியாகச் சென்னைக்குப் படிக்கச் செல்வதே பெரிய செய்தி. இவரோ கடல் கடந்து சென்றார்! முதுகலைப் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பிக் கொஞ்ச காலம் கற்பித்தார். மீண்டும் மிச்சிகனுக்குச் சென்று 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார். கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் குரோமோசோம்களைப் பற்றியது அவரது ஆராய்ச்சி.

திரும்பி வந்ததும் அவர் பணியேற்ற இடம் நம் திருவனந்தபுரம். 1932 முதல் 1934 வரை இங்கிருந்த மகாராஜா விஞ்ஞானக் கல்லூரியில் தாவர இயல் பேராசிரியையாக இருந்தார். இந்நகரில் தாவர இயல் பயிலும் பெண்கள் அனைவரும் அவருக்கு ஒரு வகையில் கடன்பட்டவர்களே.

மரம் பொய் சொல்லும் இடம்

அம்மையாரின் ஆராய்ச்சியை அறிய, கொஞ்சம் விஞ்ஞானம் பேசியாக வேண்டும். நண்பர்கள் பொறுத்தருள்க.

உயிரினங்களின் உறவை ஒரு மரமாகக் காட்டலாம் என்று டார்வின் 1837-ஆம் ஆண்டிலேயே தம் குறிப்பேட்டில் ஒரு சிறு படம் வரைந்து பார்த்தார். அடியில் ஒரு முன்னோர்; மேலே செல்லச் செல்லக் கிளைகள். மரத்தின் விதி ஒன்றே: கிளை பிரியும், பிரிந்த கிளைகள் மறுபடி சேரா. இந்த விதி விலங்குகள் பலவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்துகிறது. தாவரங்களிடம் அது அடிக்கடி தோற்றுவிடுகிறது.

நம் அடுக்களைக் கடுகையே எடுத்துக்கொள்வோம். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். அதன் வரலாறும் அப்படித்தான். கடுகுச் செடியின் உயிரணுவில் 36 குரோமோசோம்கள் உள்ளன. டர்னிப் கிழங்கின் இனத்தில் 20, கருங்கடுகில் 16. கூட்டிப் பாருங்கள், 36 வருகிறதல்லவா? பண்டைக் காலத்தில் எங்கோ ஒரு வயலில் இவ்விரண்டு இனங்களும் கலந்தன. அந்தக் கலப்பில் குரோமோசோம்கள் இரட்டித்தன. புதிய இனம் ஒன்று பிறந்தது. அதுவே நம் கடுகு. இந்தக் கணக்கை ஜப்பானில் பணியாற்றிய நாகஹாரு ஊ என்னும் அறிஞர் 1935-ல் வெளியிட்டார்.

இப்பொழுது கடுகை மரத்தில் எந்தக் கிளையில் வைப்பது? டர்னிப்புக்கு அருகில் வைத்தால் பாதி உண்மை. கருங்கடுகுக்கு அருகில் வைத்தாலும் பாதி உண்மைதான். இரண்டுக்கும் நடுவில் புதுக் கிளை ஒன்றை வரைந்தால் முழுப் பொய். இரு கிளைகள் வளைந்து வந்து ஒன்றுசேரும்படி வரைந்தால்தான் உண்மை. அப்பொழுது அது மரமன்று, வலை.

இரு வேறு இனங்களின் கலப்பில் பிறந்த செடி பெரும்பாலும் மலடாகவே இருக்கும். காரணம் இது: மகரந்தமும் சூல்முட்டையும் உண்டாகும்போது ஒவ்வொரு குரோமோசோமும் தன் இணையைத் தேடிச் சேர வேண்டும். தாய்வழி வந்ததற்கும் தந்தைவழி வந்ததற்கும் உறவு குறைவானால் இணை கிடைக்காது. ஆனால் எப்படியோ எல்லாக் குரோமோசோம்களும் இரட்டித்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் தன்னைப் போன்ற ஓர் இணை கிடைத்துவிடும். செடி வளம் பெறும். இவ்வாறு குரோமோசோம் தொகுதி பல மடங்காவதைப் பன்மடியம் என்பர். நுண்ணோக்கியில் எவை எவற்றோடு இணை சேர்கின்றன, எவை தனித்து நிற்கின்றன என்று பார்த்தால், எந்த இனம் எதற்கு உறவு என்பது தெரிந்துவிடும். ஜானகி அம்மையார் கைவரப்பெற்ற கலை இதுவே.

கோயம்புத்தூரில் கரும்பு

1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. சார்லஸ் பார்பர் என்னும் ஆங்கிலேயரும், அவருக்குத் துணையாக இருந்து பின் தலைமை ஏற்ற டி. எஸ். வெங்கட்ராமன் என்னும் தமிழரும் அங்கே பெரும்பணி ஆற்றினர். தடித்து இனிக்கும் கரும்பு இருந்தது. ஆனால் வட நாட்டுக் குளிரையும் நோயையும் அது தாங்கவில்லை. ஆற்றோரங்களில் நாணலைப் போல் வளரும் காட்டுக் கரும்பு இருந்தது. அதில் சாறும் இல்லை, இனிப்பும் இல்லை. ஆனால் எதையும் தாங்கும் உரம் இருந்தது. வெள்ளை என்னும் இனிப்புக் கரும்பைத் தாயாகவும், கோயம்புத்தூர்ப் பக்கத்துக் காட்டுக் கரும்பைத் தந்தையாகவும் வைத்துப் பெற்ற பிள்ளையே கோ 205. 1918-ல் அது உழவர் கைக்குச் சென்றது. கோ என்பது கோயம்புத்தூரின் முதல் எழுத்து. பஞ்சாபின் வயல்களில் கோவையின் பெயர் முளைத்தது!

இந்த நிலையத்துக்கு 1934-ல் ஜானகி அம்மையார் வந்தார். நிலையத்தார் கலப்பினங்களை உண்டாக்கினர். அந்தக் கலப்பினங்களின் உள்ளே நிகழ்ந்தது என்ன என்பதைக் குரோமோசோம் அளவில் கண்டறிவது அம்மையார் வேலையாயிற்று. இது எளிதான வேலையன்று. காட்டுக் கரும்பு என்ற ஒரே பெயரில் வழங்கும் செடிகளில், இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை குரோமோசோம்கள் உண்டு. இனிப்புக் கரும்பில் 80. இனிப்புக் கரும்பு தாயாகும்போது வழக்கப்படி பாதியாகிய 40-ஐத் தராமல், 80-ஐயும் முழுமையாகத் தந்துவிடுகிறது. கோவைக் காட்டுக் கரும்பில் 64. அது தருவது 32. ஆகவே பிள்ளைக்கு 112. தாய் இரு மடங்கு கொடுக்கிறாள் என்பதை அறியாமல் உறவைக் கணக்கிட்டால், பிள்ளையின் இனிப்புக்கும் உரத்துக்கும் காரணம் காண முடியாது.

அம்மையார் அத்துடன் நிற்கவில்லை. கரும்பு தன் இனத்தின் எல்லையைத் தாண்டி எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்க்க விரும்பினார். கரும்பையும் சோளத்தையும், கரும்பையும் மக்காச் சோளத்தையும், கரும்பையும் வேறு காட்டுப் புல் வகைகளையும் சேர்த்த கலப்புகளை ஆராய்ந்தார். கரும்பும் மக்காச் சோளமும் கலந்த செய்தியை 1938-ல் நேச்சர் என்னும் புகழ்பெற்ற விஞ்ஞான ஏட்டில் வெளியிட்டார். இவை தனித்தனிப் பேரினங்கள். அவற்றுக்கிடையே எழுப்பப்பட்டிருந்த சுவர் நாம் எண்ணிய அளவு உயரமில்லை என்பதை அவர் ஆராய்ச்சி காட்டியது. காட்டுக் கரும்பு ஒரு பெரும் சந்தி. பல புல்லினங்களின் வழிகள் அங்கே வந்து கூடுகின்றன என்ற எண்ணம் இத்தகைய ஆய்வுகளால் வலுப்பெற்றது.

1934-ல் சர் சி. வி. ராமன் நிறுவிய இந்திய விஞ்ஞானக் கழகம், மறு ஆண்டே அம்மையாரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்துச் சிறப்பித்தது. ஆயினும் கோவையில் அவர் வாழ்வு இனிக்கவில்லை. திருமணமாகாத பெண், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், ஆண்களே நிறைந்த இடம். உடன் பணியாற்றிய சிலருடன் பிணக்கு இருந்ததென்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். கரும்பின் கலப்பை வரவேற்ற உலகம், மனிதரிடையே மட்டும் வரம்பு கட்டிக்கொண்டிருந்தது!

குண்டு மழையில் குரோமோசோம் கணக்கு

1939 ஆகஸ்டில் எடின்பரோவில் மரபியல் அறிஞர்களின் ஏழாவது உலக மாநாடு கூடியது. அம்மையார் அதற்குச் சென்றிருந்தார். மாநாடு நடந்துகொண்டிருந்தபோதே போர் மேகம் சூழ்ந்தது. செப்டம்பரில் போர் மூண்டது. அம்மையார் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். லண்டன் அருகே மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் 1940 முதல் 1945 வரை பணியாற்றினார். இரவில் விமானங்கள் குண்டு பொழியும். அம்மையார் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வார். விடிந்ததும் ஆராய்ச்சிக் கூடத்தின் அலமாரிகளில் சிதறிக் கிடக்கும் கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார். இந்த நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் அவரே நண்பர்களிடம் கூறியிருக்கிறார்.

அந்த ஆண்டுகளின் பயனாக 1945-ல் வெளிவந்தது, சி. டி. டார்லிங்டனும் அவரும் சேர்ந்து எழுதிய பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை. நெல், கோதுமை, வாழை, கரும்பு, மலர்ச்செடி என மனிதன் வளர்க்கும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளை ஒரே நூலில் திரட்டித் தந்தது அது. கதையைப் போலப் படிக்கத்தக்க நூலன்று. எண்கள் நிறைந்த நூல். ஆனால் எந்தப் பயிர் எந்தெந்த இனங்கள் கூடிப் பிறந்தது என்று ஆராய்வோருக்கு அந்த எண்களே முதல் சான்று.

போர் முடிந்தபின் விஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைக் கழகத்தில் பணியேற்றார். அங்கே மக்னோலியா நாற்றுகளுக்குக் கோல்சிசின் என்னும் மருந்தை இட்டு, அவற்றின் குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்தார். நம் ஊர் வேலிகளில் பூக்கும் செங்காந்தளின் கிழங்கில் இருக்கும் நஞ்சும் இந்தக் கோல்சிசின்தான். அவர் வளர்த்த மக்னோலியா வகை ஒன்று இன்றும் ஜானகி அம்மாள் என்ற பெயராலேயே வழங்குகிறது. தலைச்சேரிப் பெண்ணின் பெயரை ஆங்கில நாட்டு மரம் தாங்கி நிற்கிறது.

தாயகத்தில்

நேருவின் அழைப்பை ஏற்று 1951-ல் இந்தியா திரும்பினார். இந்தியத் தாவர ஆய்வுத் துறையைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு 1954-ல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் அலகாபாத்தில் மத்தியத் தாவர ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவராக இருந்தார். 1955-ல் அமெரிக்காவில் பிரின்ஸ்டனில், பூமியின் முகத்தை மாற்றியதில் மனிதனின் பங்கு என்ன என்று ஆராயக் கூடிய பேரவைக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் அவரே. அங்கே அவர் பேசியது இந்தியாவின் எளிய மக்கள் காட்டையும் நிலத்தையும் கொண்டு வயிறு வளர்க்கும் முறையைப் பற்றி.

இமயமலைத் தாவரங்களைப் பற்றி அவர் கண்டது நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. இமயத்தின் வடமேற்கு குளிர்ந்து வறண்டது. வடகிழக்கு குளிர்ந்து ஈரமானது. வடகிழக்கில் புதிய இனங்கள் மிகுதியாகத் தோன்றியிருப்பது ஏன்? பன்மடியம் அங்கே மிகுந்திருப்பது ஒரு காரணம் என்றார். மற்றொரு காரணத்தையும் கூறினார்: சீனத்துத் தாவரங்களும் மலேயத் தாவரங்களும் அங்கே வந்து உள்நாட்டுத் தாவரங்களோடு சந்திக்கின்றன, சந்தித்த இடத்தில் இயற்கையாகவே கலக்கின்றன, கலந்தவற்றிலிருந்து புதியவை பிறக்கின்றன. எல்லைப்புறம் என்பது வளம் குன்றிய ஓரமன்று, புதியன தோன்றும் நிலம் என்பது அவர் ஆராய்ச்சியிலிருந்து நான் கொள்ளும் பொருள்.

இன்று நாம் அறிவது

அம்மையார் காலத்தில் குரோமோசோமை எண்ண முடிந்தது. அதனுள் எழுதப்பட்டிருப்பதைப் படிக்க முடியவில்லை. இன்று படிக்கிறோம். படிக்கப் படிக்க, இனங்களுக்கிடையே மரபணு செல்வது அவர் கண்டதைவிடப் பரவலானது எனத் தெரிகிறது.

கிருமிகளிடையே அது அன்றாட நிகழ்ச்சி. வயிற்றுக்கடுப்புக் கிருமியும், குடலில் வாழும் மற்றொரு கிருமியும் மருந்தை எதிர்க்கும் ஆற்றலை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்கின்றன என்று 1959-ல் ஜப்பானிய அறிஞர்கள் காட்டினர். தாவரங்களும் இதற்கு விலக்கல்ல. நாம் அவித்துத் தின்னும் சர்க்கரைவள்ளிக் கிழங்கினுள் ஒரு மண் கிருமியின் மரபணுக்கள் இருக்கின்றன என்று 2015-ல் கண்டார்கள். சோதித்துப் பார்த்த 291 பயிர் வகைகளிலும் அவை இருந்தன. யாரும் ஆராய்ச்சிக் கூடத்தில் புகுத்தியதன்று. இயற்கையே என்றோ செய்து வைத்தது. அந்த ஒரு மரபணுவை மட்டும் வைத்து மரம் வரைந்தால், சர்க்கரைவள்ளி கிருமிகளின் நடுவே போய் உட்கார்ந்துவிடும்!

அப்படியானால் உண்மை உறவைக் காண்பது எப்படி? ஒரு மரபணுவை நம்பாதே, பல மரபணுக்களைக் கேள் என்பதே முதல் விதி. மூன்று இனங்களை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டும் உடன்பிறந்தவை; மூன்றாவது சற்றுத் தள்ளிய உறவு. ஆயிரம் மரபணுக்களுக்குத் தனித்தனியே ஆயிரம் மரங்கள் வரைகிறோம். பெரும்பாலானவை முதல் இரண்டையும் சேர்த்து வைக்கின்றன. சில மட்டும் முதலாவதை மூன்றாவதோடு சேர்க்கின்றன. வேறு சில இரண்டாவதை மூன்றாவதோடு சேர்க்கின்றன. இந்த இரு சிறுபான்மைகளும் ஏறக்குறையச் சமமாக இருந்தால் கலப்பென்று கொள்ள வேண்டியதில்லை. பாட்டி வீட்டுப் பாத்திரங்கள் பேரப்பிள்ளைகளிடையே முறையின்றிப் பங்கிடப்படுவது போல, பழைய முன்னோரிடம் இருந்த பல வடிவங்கள் பங்கிடப்பட்டதால் வந்த குழப்பம் அது. ஒரு சிறுபான்மை மிகுந்து மற்றது குறைந்திருந்தால், அந்த இரு இனங்களுக்கிடையே மரபணு கடந்திருக்கிறது என்று ஐயுற வேண்டும். பிறகு, கிளை பிரிந்ததையும் மரபணு கடந்ததையும் ஒருங்கே காட்டும் வலையை வரைந்து, எந்த வலை எல்லாச் சான்றுகளுக்கும் பொருந்துகிறது என்று கணக்கிடுகிறோம்.

இன்றைய கரும்பை இவ்வாறு படித்துப் பார்த்ததில், அதன் குரோமோசோம்களில் பெரும்பகுதி இனிப்புக் கரும்பினுடையவை. பத்தில் ஒன்று என்ற அளவில் காட்டுக் கரும்பினுடையவை. இன்னும் ஒரு சிறு பகுதி, பாதி இதுவும் பாதி அதுவுமாக ஒட்டி இணைந்தவை. அத்தகைய ஒரு கரும்பின் மரபணுத் தொகுதி 2024-ல் விரிவாக வெளியிடப்பட்டது. காட்டுத் தந்தை தந்தது சிறு பங்கு. ஆனால் நோயையும் குளிரையும் தாங்கி நிற்கும் உரத்தில் அந்தச் சிறு பங்கின் கை பெரிது.

கடைசி நாட்கள்

1970-ல் அம்மையார் சென்னைக்கு வந்து, சென்னைப் பல்கலைக் கழகத்தின் தாவர இயல் உயராய்வு மையத்தில் ஓய்வுநிலை விஞ்ஞானியாகச் சேர்ந்தார். மதுரவாயலில் இருந்த கள ஆராய்ச்சிக் கூடத்தில் மூலிகைகளையும் மலைவாழ் மக்களின் தாவர அறிவையும் ஆராய்ந்து வந்தார். 1977-ல் பத்மஸ்ரீ விருது வந்தது.

எண்பது வயதை எட்டிய நிலையிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. பாலக்காட்டு மலையில் உள்ள அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையை மறித்து மின்சாரத்துக்காக அணை கட்டத் திட்டமிடப்பட்டது. காடு மூழ்கினால் அங்குள்ள மரங்கள் மட்டுமா மறையும்? அவற்றின் குலவரலாறும் மறையும். ஆகவே அந்தக் காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்க அம்மையார் முனைந்தார். காட்டைக் காக்க எழுந்த இயக்கத்தோடு நின்றார். 1983-ல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவென அறிவிக்கப்பட்டது. அதைக் காண அம்மையார் இல்லை. அதே ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் மதுரவாயலில், தம் ஆராய்ச்சிக்கு நடுவே அவர் உயிர் நீத்தார். வயது 86.

தாவரங்களுக்கு முறையாகப் பெயரிட்டு வகைப்படுத்தும் அறிஞர்களுக்கு மத்திய அரசு அவர் பெயரால் விருது ஒன்றை ஏற்படுத்தியது. கொடைக்கானலில் ரோஜா வளர்க்கும் தம்பதியர் தாம் உண்டாக்கிய ஒரு மஞ்சள் ரோஜாவுக்கு அவர் பெயரைச் சூட்டினர். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் ஒரு பல்லியும் 2019-ல் அவர் பெயரைப் பெற்றது.

நாம் கொள்ள வேண்டியது

1956 நவம்பர் 1-ல் மொழிவழி எல்லை வகுக்கப்பட்டபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. கோடு போட்டாயிற்று. ஆனால் சொல் கோட்டைக் கேட்டு நடப்பதில்லை. என் தாயார் மரவள்ளி என்பதை நாங்கள் மரச்சீனி என்கிறோம். எல்லைக்கு அப்பால் களியக்காவிளையிலும் தக்கலையிலும் உள்ள தமிழரும் மரச்சீனி என்றே சொல்கின்றனர். மலையாளிகளும் அவ்வாறே சொல்கின்றனர். அந்தக் கிழங்கே தென் அமெரிக்காவிலிருந்து வந்தது.

இந்த ஒரு சொல்லைக் கொண்டு நாங்கள் தமிழரல்லர் என்று ஒருவர் தீர்ப்பளித்தால், அது ஒரு கிருமி மரபணுவைக் கொண்டு சர்க்கரைவள்ளியைக் கிருமி என்பதைப் போன்றது. அதே நேரத்தில், எங்கள் தமிழில் எதுவுமே கலக்கவில்லை என்று நாங்கள் சாதித்தால் அதுவும் பொய். எங்கள் பேச்சின் எண்ணுப் பெயர்களும், உறவுப் பெயர்களும், வினைமுற்றுகளும் பெற்றோர் வழி வந்தவை. தோட்டத்துக்கும் சந்தைக்கும் உரிய சொற்கள் பல அண்டை வீட்டாரிடம் பெற்றவை. இரண்டையும் தனித்தனியே எண்ணி, இரண்டையும் எழுதி வைப்பதே நேர்மையான முறை. கலப்பு உண்டு என்பதால் குலமே இல்லை என்று ஆகிவிடாது. குலம் உண்டு என்பதால் கலப்பை மறைக்கவும் வேண்டாம். கரும்பின் 112 குரோமோசோம்களில் 80 தாயினுடையவை, 32 தந்தையினுடையவை என்று சொல்லும்போது கரும்புக்கு ஒரு குறைவும் வருவதில்லை.

தோழியரே, தோழர்களே! நம் பல்கலைக் கழகத்தில் பல துறைகளில் பயிலும் தமிழ் மாணவர்கள் நாம். அம்மையாரைப் போல் எண்ணிப் பார்த்துப் பேசும் பழக்கத்தைக் கொள்வோம். விடுமுறைக்கு அம்பூரிக்கு வருபவர்கள் அகத்தியர் மலைச் சரிவைப் பாருங்கள். அங்கே நிற்கும் மரங்களிலும் புற்களிலும், எத்தனை இனங்களின் வழிகள் எங்கே பிரிந்து எங்கே கூடின என்று இன்னும் எண்ணப்படாதவை ஏராளம். அவற்றை எண்ண ஆட்கள் வேண்டும். நம்முள் சிலராவது, சிறப்பாக நம் பெண்கள், அந்த வேலைக்கு முன்வர வேண்டும். அதுவே ஜானகி அம்மையாருக்கு நாம் செலுத்தும் வணக்கம்.